திங்கட்கிழமைக் கோட்டைகள்

பேருந்து கடைசி வளைவில் திரும்பிக் குன்றின்மேல் கோட்டை தெரிந்ததும் அவர் எழுந்து நிற்பார். ஓட்டுநரிடமிருந்து மைக்கை வாங்கி இரண்டு தடவை ஊதிப் பார்ப்பார். தொண்டையைச் செருமிக்கொள்வார். பிறகு, பெண் பார்க்க வந்த வீட்டில் பஜ்ஜியைக் கடித்த மாப்பிள்ளையின் தகப்பனார் குரலில் சொல்வார்:

"பரவாயில்லை. ஆனால் இங்கிலாந்தில எண்டால்..."

அவ்வளவுதான். பல நூறு வருடம் மழையையும் பனியையும் தாங்கி நின்ற கோட்டை அந்த ஒரு வாக்கியத்தில் மாட்டுக்கொட்டகையாகிவிடும். பேருந்திலிருந்த அத்தனை தமிழர்களும் மட்டன் ரோல்ஸைக் கடித்தபடி, 'அதுதானே' என்பதுபோலத் தலையாட்டுவார்கள்.

அவரை எல்லாரும் லண்டன் அண்ணை என்றே அழைத்தார்கள். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும்; சம்பளச் சீட்டில் வந்திருக்கும். எனக்கு அது தெரிய வந்ததே இல்லை. சுவிட்சர்லாந்தில், சூரிச்சை அடுத்த ஊஸ்டருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர், அதில் ஏரிக்கரை உணவகம் ஒன்று, அதன் சமையலறையில் வேலை. எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தின் கோடைச் சுற்றுலாக்களுக்கு அவர்தான் நிரந்தர வழிகாட்டி. யாரும் நியமித்ததில்லை. ஒருநாள் மைக்கைக் கையில் எடுத்தாராம், பிறகு யாராலும் திரும்ப வாங்க முடியவில்லையாம்.

நான் திருச்சிக்காரி. வங்கிக்கு மென்பொருள் எழுதும் கணவரோடு இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் அங்கே போய்ச் சேர்ந்து, பேச ஆளில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த ஓர் அக்கா, "தமிழோ?" என்று கேட்டார். அவர் லண்டன் அண்ணையின் மனைவி. அடுத்த வாரமே நான் பேருந்தில் இருந்தேன். முதல் பயணத்திலேயே அண்ணை என் பூர்வீகத்தை விசாரித்தார்.

"திருச்சின்னா... மலைக்கோட்டை இருக்குதே, அந்த ஊர்ங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகத்தான்.

"ஓ, அதுவோ. கேள்விப்பட்டனான். பரவாயில்லை" என்றார்.

எனக்குச் சுள்ளென்று ஏறியது. பிள்ளையாரே உச்சியில் உட்கார்ந்திருக்கும் மலையை 'பரவாயில்லை' என்று சொன்ன முதல் மனிதரை அன்றுதான் பார்த்தேன். ஆனால் அன்று மாலைக்குள் அவர் அதைச் சூரிச் ஏரிக்கும், எதிரே தெரிந்த பனிமலைக்கும், ஓட்டுநரின் புது மீசைக்கும் சொல்லிவிட்டார். சரி, வஞ்சனையில்லாத மனிதர் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சுற்றுலாக்களில் ஒரு விசேஷம் உண்டு. அவை எப்போதும் திங்கட்கிழமைகளில்தான் நடந்தன. மன்றத்தில் பாதிப்பேருக்கு மேல் உணவகச் சமையலறைகளில் வேலை. சனி, ஞாயிறு என்றால் அங்கே தலையைச் சொறிய நேரமிருக்காது. அந்தப் பக்கத்து உணவகங்கள் மூடியிருப்பது திங்கட்கிழமை. ஆகவே பள்ளி விடுமுறை வந்ததும் ஒரு திங்களைப் பிடித்து, முதல்நாளே இறைச்சியைப் பிரட்டி, சோற்றுப் பானைகளையும் மடக்கு நாற்காலிகளையும் பேருந்தின் வயிற்றில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார்கள். சுவிட்சர்லாந்தின் கோட்டைகளும் அருங்காட்சியகங்களும் பெரும்பாலும் வாரத்தில் ஒருநாள் மூடியிருக்கும். அதுவும் திங்கட்கிழமைதான்.

இதை யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்தவர்களும் வேறு நாள் கிடையாதென்பதால் வாயைத் திறக்கவில்லை. நான் போன ஒவ்வொரு பயணத்திலும் நாங்கள் மேடேறிப் போய், பூட்டிய மரக்கதவொன்றின் முன்னால் மூச்சு வாங்க நின்றோம். கதவின் ஆணிகளைப் பார்த்தோம். கதவோடு சேர்ந்து படம் எடுத்துக்கொண்டோம். பிறகு மதிலோரம் பாயை விரித்துச் சோற்றைப் போட்டோம்.

"உள்ளுக்க போகேலாதோ அண்ணை?" என்று புதிதாக வந்தவர் யாராவது கேட்பார்.

"உள்ளுக்க ஒண்டுமில்லை. ரெண்டு கட்டிலும் ஒரு பானையும்தான் கிடக்கும்" என்பார் அண்ணை. "இங்கிலாந்தில எண்டால் திங்கக்கிழமையும் திறந்திருக்கும். அங்க கோட்டையெண்டால் கோட்டை. சுத்திவரத் தண்ணி. தண்ணியில அன்னம். பாலம் ஒண்டு இறங்கும், ஏறும். வட்டக் கோபுரம் ரெண்டு, மேல கொடி. இஞ்ச இருக்கிறது என்ன? பெரிய வீடு."

பிரெஞ்சு பேசும் பக்கம் போனபோது ஒருமுறை அதிருஷ்டம் அடித்தது. லோசானில் இருந்த சில குடும்பங்களையும் சேர்த்துக்கொண்டு ரோமர் கால வட்ட அரங்கு ஒன்றுக்குப் போனோம். அது வெட்டவெளி, பூட்ட முடியாது. கல்லிருக்கைகளில் ஏறி உட்கார்ந்து எலுமிச்சம்பழச் சோறு சாப்பிட்டோம். இதையாவது ஒத்துக்கொள்வார் என்று நான் ஆவலாகக் காத்திருந்தேன். அவர் அறிவிப்புப் பலகையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார்.

"பிள்ளை, இங்கிலாந்தில வட்டமாய்க் கல்லுகள் நிக்குது. ஆர் வைச்சது, ஏன் வைச்சது, ஒருத்தருக்கும் தெரியாது. அதுதான் பெரிய விசயம். இஞ்ச பாருங்கோ, கட்டினவன்ர சரித்திரம் முழுக்க போர்டில எழுதிக் கிடக்குது. பிறகென்ன மதிப்பு?"

இதற்கு மறுப்புச் சொல்லக்கூடிய ஆள் அந்தக் கூட்டத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருக்க வேண்டும். திருமணத்துக்கு முன் இங்கிலாந்தின் வட பக்கத்து ஊரொன்றில் ஒரு வருடம் படித்திருக்கிறேன். படித்த நேரம் போக வறுவல் கடையில் உருளைக்கிழங்கு வெட்டினேன். அங்கே நான் பார்த்த சரித்திரச் சின்னம் பேருந்து நிலையம் ஒன்றுதான். மன்றச் செயலாளரும் லண்டன் போய் வந்தவர். அவர் பார்த்தது தங்கை மகளின் கல்யாண மண்டபமும் இரண்டு சேலைக்கடைகளும். இங்கிலாந்து போன மற்றவர்களும் அப்படித்தான். இப்படியாக, எங்களுக்குத் தெரிந்த ஒரே இங்கிலாந்து அண்ணை சொன்ன இங்கிலாந்தாகவே இருந்தது.

ஒன்றை மட்டும் நான் கவனித்துவைத்திருந்தேன். அவர் ஒருநாளும் 'நான் போனபோது' என்று சொன்னதில்லை. 'அங்க' என்பார், 'அங்க எண்டால்' என்பார். போனார் என்பதை நாங்களாகவே போட்டு நிரப்பிக்கொண்டோம். பொய் சொல்லாமலே இவ்வளவு பெரிய பெயரைச் சம்பாதித்த இன்னொருவரை நான் இன்றுவரை கண்டதில்லை.

வினை செயலாளர் உருவத்தில் வந்தது. அவருக்கு அண்ணையின் மைக்மீது நெடுநாளாக ஒரு கண். மன்றக் கூட்டத்தில் எழுந்து, "இப்ப எங்கட ஆக்களில கனபேருக்குச் சுவிசின்ர சிவப்புப் பாஸ்போட் வந்திட்டுது. இனி விசாக் கரைச்சல் இல்லை. வாற கோடைக்கு இங்கிலாந்துக்கே போவம். கைட்டுக்கு எங்க போறது எண்டு யோசிக்கவும் தேவையில்லை, லண்டன் அண்ணை இருக்கிறார்" என்றார். அரங்கம் கைதட்டியது. அண்ணையும் தட்டினார், கொஞ்சம் பிந்தி.

மறுநாள் அக்கா என்னை வீட்டுக்கு அழைத்தார். தேநீர் கொடுத்தார். கதவைச் சாத்தினார். அடுப்பு மேடையில் மிளகாய்த்தூள் வைத்திருந்த ஒரு பழைய பிஸ்கட் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"உந்த மனுசன் இங்கிலாந்து பாத்தது இதிலதான்" என்றார்.

மூடியில் படம் ஒன்று பாதி அழிந்து கிடந்தது. சுற்றிவரத் தண்ணீர். தண்ணீரில் அன்னம். வட்டக் கோபுரம் இரண்டு, மேலே கொடி. கீழே இறங்கியிருந்த பாலத்தின்மீது மிளகாய்த்தூள் படிந்திருந்தது. அண்ணை சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாழ்ப்பாணத்து வீட்டில் இருந்த டப்பாவாம். பின்னாளில் மாமியார் அதே டப்பாவில் தூளை அடைத்து, வந்தவர் ஒருவரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

"லண்டனுக்கெண்டுதான் வீட்டை விட்டு வெளிக்கிட்டவர். ஏஜென்சிக்காரன் சூரிச்சில இறக்கிப்போட்டு, ரெண்டு நாளில வந்து கூட்டிக்கொண்டு போறன் எண்டு போனவன்தான். பிறகு விசாவுக்குப் போட்டுப் போட்டு அலுத்துப்போனார். இப்ப ஊர் முழுக்க லண்டன் அண்ணை. நான் சொன்னன், காய்ச்சலெண்டு சொல்லிப்போட்டு வீட்டில இருங்கோ, ஆரும் கேக்க மாட்டினம் எண்டு."

"என்ன சொன்னாரு?"

"'இருவது வருசமா வெளிக்கிட்டு நிக்கிறன், இப்ப காய்ச்சல் வருமோ' எண்டு கேக்கிறார்."

நான் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன். சிரிப்பு வரவில்லை. அந்த மனிதருக்காக எனக்கு மனம் கனத்துப்போனது. இத்தனை நாள் அவரை மனதுக்குள் கேலி செய்துகொண்டிருந்த எனக்கு, எப்படியாவது இவர் போய்ச் சேர வேண்டுமே என்று இருந்தது.

நல்லவேளையாக அவர்களின் குடியுரிமை மனு அப்போதுதான் ஊர்ச் சபையை எட்டியிருந்தது. அது கிடைத்தால் சிவப்புப் பாஸ்போர்ட், கிடைக்காவிட்டால் செயலாளரின் கையில் மைக். சுவிஸ் குடிமகனாக ஒருவர் தகுதியானவரா என்பதை அவருடைய ஊர்க்காரர்கள் நேரில் கூப்பிட்டுக் கேட்டுப் பார்ப்பார்கள். எங்கள் ஊரில் கேட்டது மூன்று பேர்: பால் பண்ணைக்காரர் ஒருவர், காப்பீட்டு அலுவலகத்துக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர். மலை, ஆறு, தேர்தல், குப்பையைப் பிரித்துப் போடும் முறை எல்லாவற்றையும் அண்ணை உருப்போட்டிருந்தார். கேள்விகளுக்கெல்லாம் டக் டக்கென்று பதில் வந்ததாம். கடைசியில் ஆசிரியை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, எங்கள் ஊர் மேட்டில் நிற்கும் சிறு கோட்டையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று அன்பாகக் கேட்டிருக்கிறார்.

"நான் காலால உதைச்சுப் பாத்தன் பிள்ளை, நிக்கேல்லை" என்றார் அக்கா. "பரவாயில்லை, ஆனால் இங்கிலாந்தில எண்டால் எண்டு வடிவான டொச்சில, ஜெர்மன்காரன் மாதிரியே சொல்லிப்போட்டார்."

பால் பண்ணைக்காரர் பேனாவைக் கீழே வைத்தாராம். அன்னம், பாலம், கொடி எல்லாம் முடியும்வரை மூவரும் பொறுமையாகக் கேட்டார்களாம். இரண்டு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. விண்ணப்பதாரர் வாழும் ஊரின் மரபுகளோடு இன்னும் நெருங்கிப் பழகிவிட்டு மறுபடி வரும்படி கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊர்க் கோட்டையை முதலில் போய்ப் பாருங்கள் என்று ஆசிரியை கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருந்தார்.

அண்ணை போனார். திங்கட்கிழமை போனார். அன்றுதானே லீவு. கோட்டை பூட்டியிருந்தது. சுற்றிவர நடந்து, கதவின் ஆணிகளைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். அக்கா தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாம் முறை ஆசிரியை வேறெதுவுமே கேட்கவில்லையாம். "கோட்டைக்கு உள்ளே என்ன பார்த்தீர்கள்?" என்றாராம். அக்கா கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டிருக்கிறார். அண்ணையின் வாயிலிருந்து, இத்தனை வருடப் பழக்கத்தில், அது தானாகவே வந்து விழுந்தது: இரண்டு கட்டில், ஒரு பானை.

"ஒரு வண்டிச் சக்கரமும் இருக்கிறது. அதை நீங்கள் கவனிக்கவில்லை" என்றார் ஆசிரியை, கொஞ்சம் வருத்தத்தோடு. கோட்டையின் சாவி அவரிடம்தான் இருந்தது. பால் பண்ணைக்காரர், தானும் சிறுவயதில் அந்தக் கட்டில்களைப் பார்த்ததாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

மேலிடத்துச் சடங்குகள் முடிந்து பாஸ்போர்ட் கைக்கு வர இன்னுமொரு கோடை போயிற்று. செயலாளர் பயணத்தைத் தள்ளிவைக்கச் சம்மதித்ததுதான் ஆச்சரியம். அவருக்கு அண்ணை இல்லாத இங்கிலாந்து தேவைப்படவில்லை என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. எனக்கும் விசா கிடைத்தது. கலே துறைமுகத்தில் கப்பலேறும் முன் ஆங்கிலேய அதிகாரி ஒருவர் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் பார்த்தார். அண்ணை கோட்டுப் போட்டிருந்தார். எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புகிறோம், வீட்டில் யார் யார் என்று அத்தனைக்கும் பதில் தயாராக வைத்திருந்தார். அதிகாரி சிவப்புப் புத்தகத்தை ஒரு தடவை விரித்து மூடித் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஆளைப் பார்த்தார்.

அண்ணை நகரவில்லை.

"ஒண்டும் கேக்கேல்லையே" என்றார் எங்களைப் பார்த்து. குரல் ஒருமாதிரி இருந்தது. அக்கா வந்து முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

லண்டனில் அவரவர் உறவினர் வீடுகளில் இரண்டு நாள் போனது. மூன்றாம் நாள் கோட்டைப் பயணம். கிழமை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. பேருந்து நகரத்தைத் தாண்டி, வேலிகளும் ஆடுகளுமாகப் போய், ஒரு வளைவில் திரும்பியதும் கோட்டை தெரிந்தது. சுற்றிவரத் தண்ணீர் உண்மையாகவே இருந்தது. எல்லாத் தலைகளும் அவர் பக்கம் திரும்பின. அண்ணை எழுந்தார். மைக்கை வாங்கி இரண்டு தடவை ஊதினார். தொண்டையைச் செருமினார். மைக்கை ஓட்டுநரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"குளிர் பிடிச்சிட்டுதாக்கும்" என்றார் யாரோ.

கதவு திறந்திருந்தது. அண்ணை சொன்னது அப்பட்டமான உண்மை, திங்கட்கிழமையும் திறந்திருந்தது. செயலாளர் இதற்காகவே இத்தனை காலம் காத்திருந்தவர்போல ஒதுங்கி வழிவிட்டார்.

"அண்ணை, நீங்கள் முன்னுக்கு நடவுங்கோ. உங்களுக்குப் பழகின இடம்தானே. எது எங்க இருக்கெண்டு காட்டுங்கோ."

ஐம்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்காவின் முகம் வெளுத்தது. அண்ணை கோட்டையை ஒருமுறை பார்த்தார், சோற்றுப் பானைகளை ஒருமுறை பார்த்தார்.

"நீங்கள் போயிட்டு வாங்கோ. சாப்பாட்டுக்கு ஆராவது காவல் நிக்க வேணும். இந்த ஊர்த் தாராக்கள் பொல்லாததுகள்" என்றார்.

அதில் பழுது சொல்ல முடியாது. வாத்துகள் ஏற்கெனவே வந்துகொண்டிருந்தன. கூட்டம் உள்ளே போயிற்று. நானும் போனேன். உள்ளே இருந்ததைச் சொல்லி மாளாது. சுவர் உயரத்துக்குத் தொங்கிய சித்திரத் துணிகள், கவசம் போட்ட குதிரை, பொன்முலாம் பூசிய கூரை, நூறு பேர் உட்காரும் மேசை. செயலாளர் வாயைப் பிளந்தபடியே நடந்தார். அண்ணை இதில் பாதியைக்கூடச் சொன்னதில்லை என்பது எல்லாருக்கும் தெரிந்துகொண்டே வந்தது. நான் பாதியில் வெளியே வந்துவிட்டேன்.

அவர் பானைகளிலிருந்து கொஞ்சம் தள்ளி, தண்ணீர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். இரண்டடி இடப்பக்கம் போவார், கண்ணைச் சுருக்கிக் கோட்டையைப் பார்ப்பார், மறுபடி ஓரடி வலப்பக்கம் வருவார். நான் அருகில் போனதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இந்த இடத்தில நிண்டுதான் படத்தைக் கீறியிருக்கிறான், பிள்ளை."

எதைச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. டப்பாவில் இருந்தது வட்டக் கோபுரம். எதிரே நின்றது சதுரக் கோபுரம். பாலமும் கல்பாலம், ஏறாது இறங்காது. ஆனால் தண்ணீரில் ஒரு அன்னம் இருந்தது. எங்களைச் சட்டை செய்யாமல் போய்க்கொண்டிருந்தது.

"ஆமாண்ணே, இதே இடந்தான்" என்றேன்.

வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"உள்ளுக்க என்ன கிடக்குது?"

"ஒண்ணுமில்லண்ணே. ரெண்டு கட்டில், ஒரு பானை."

"சொன்னனான்தானே" என்றார். கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்திக்கொண்டார். குளிர் பிடித்திருந்தது உண்மைதான் போலிருக்கிறது.

திரும்பும்போது பேருந்து முழுக்க ஒரே ஆரவாரம். குதிரையைப் பார்த்தாயா, கூரையைப் பார்த்தாயா என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். செயலாளர் எழுந்து மைக்கை நோக்கிக் கையை நீட்டினார். அதற்குள் அது அண்ணையிடம் போயிருந்தது. இரண்டு தடவை ஊதினார். பேருந்து அடங்கியது. பின்கண்ணாடியில் கோட்டை சின்னதாகிக்கொண்டே வந்தது. அண்ணை அதைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தொண்டையைச் செருமினார்.

"பரவாயில்லை" என்றார். "ஆனால் திங்கக்கிழமையும் திறந்து வைச்சிருக்கிறாங்கள். அங்க வேலை செய்யிற சனத்துக்கு ஒரு நாள் லீவு வேண்டாமோ? எங்கட சுவிசில எண்டால்..."